பட்டாளத்துப் புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா?



இந்த மாதக் கூட்டத்தில் படித்துப் பேச வேண்டிய பாடம், பட்டாளத்தில் வேலை பார்த்து வந்தவர்களின் குடும்பங்களைப் பற்றியது. "எங்க குழுவுல மிலிட்டரிக்காரர் வீடு ஒண்ணுமே இல்லீங்களே" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அப்பா, மாமனார், கொழுந்தனார், காலமாகிவிட்ட சித்தப்பா என்று ஒவ்வொருவராக நினைத்துப் பாருங்கள். ஏழெட்டு வருடம் வடக்கே இருந்துவிட்டு வந்து, மிளகும் காபியும் வைத்துப் பிழைத்து, பட்டாளத்தில் இருந்ததையே பேசாமல் விட்ட ஒரு பெரியவர் உங்கள் நாட்டிலும் இருக்கலாம். அவருடைய மனைவி நம்மோடு உட்கார்ந்து வாராவாரம் சேமிப்பு கட்டிக்கொண்டிருக்கலாம்.

வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஒரு கிராமம். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் என்று பெயர் வாங்கிய ஊர். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண்ணுக்குச் சந்தேகம் வந்தால், பக்கத்து வீட்டுத் திண்ணையிலேயே பதில் கிடைத்துவிடும். எந்த ஆபீஸ், எந்த பாரம், எந்தக் கிழமை என்று எல்லாம் சொல்லிவிடுவார்கள். நம் மலையில் அப்படி இல்லை. வாழவந்தி நாட்டில் ஒருத்தர், வளப்பூர் நாட்டில் ஒருத்தர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். சலுகை இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். சொல்லித்தர ஆள் இல்லாததுதான் வித்தியாசம். அந்தத் திண்ணை வேலையை நம் குழு செய்ய முடியும்.

பென்ஷன் வருதா, வரலையா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஏனென்றால் இதைப் பொறுத்துத்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும். சிப்பாயாகச் சேர்ந்தவருக்குப் பொதுவாக 15 வருடம் சேவை இருந்தால்தான் ஓய்வூதியம். அந்தக் காலத்தில் சில வருடம் படையிலும் மீதி வருடம் ரிசர்வ் பட்டியலிலும் இருந்து, இரண்டும் சேர்ந்து 15 ஆனவர்களுக்கு ரிசர்விஸ்ட் பென்ஷன் உண்டு. பணியால் அடிபட்டோ நோய் வந்தோ வெளியே வந்திருந்தால், வருடம் குறைவாக இருந்தாலும் ஊனத்துக்கான ஓய்வூதியம் கிடைக்க வழி இருக்கிறது. 1962, 1965, 1971 போர்க்காலங்களை ஒட்டிச் சேர்ந்து, சில வருடத்திலேயே அனுப்பப்பட்டுத் திரும்பியவர்களில் மாதாமாதம் ஒன்றும் வராதவர்கள் உண்டு. "பென்ஷன் இல்லாதவருக்கு ஒண்ணும் கிடையாது" என்று பல பெரியவர்கள் தாங்களாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியல்ல. அதைப் பின்னால் பார்ப்போம்.

பெயர் என்ற பெரிய பிரச்சினை

பட்டாளத்திலிருந்து வரும்போது ஒரு புத்தகம் கொடுத்திருப்பார்கள். டிஸ்சார்ஜ் புத்தகம் என்று சொல்வோம். அரசுக் கடிதங்களில் படைவிலகல் சான்று என்று வரும். அதில் அவருடைய படை எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி, மனைவி பிள்ளைகள் பெயர், பிறந்த தேதி எல்லாம் இருக்கும். பெரும்பாலும் டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் கிடக்கும். பென்ஷன் வாங்குபவருக்கு இதோடு ஓய்வூதிய ஆணை ஒன்றும் உண்டு. அதை பி.பி.ஓ. என்பார்கள்.

இப்போது ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். வீட்டில் கூப்பிடும் பெயர் பாப்பாத்தி. கல்யாணமான புதிதில் கணவர் முகாமில் பெயர் பதிந்தபோது, வடநாட்டு எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் "பாபதி" என்று எழுதிவிட்டார். ரேஷன் கார்டில் பாப்பம்மாள். ஆதாரில் பாப்பாயி. பிறந்த தேதி மூன்றிலும் மூன்று விதம். நம் மலையில் அந்தத் தலைமுறைப் பெண்களில் எத்தனை பேரிடம் பள்ளிச் சான்று இருக்கிறது? அவர் உயிரோடு இருக்கும் வரை இதனால் ஒரு தொந்தரவும் தெரியாது. அவர் கண்ணை மூடிய பிறகு, "இந்த மூன்று பேரும் ஒரே ஆள்தான்" என்று நிரூபிக்கிற பாரம் துக்கத்தில் இருக்கும் அந்த அம்மாவின் தலையில் விழும். இதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகலாம்.

இதில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அவசரம் புரியும். குடும்ப ஓய்வூதியம் 2016 முதல் குறைந்தபட்சம் மாதம் ரூ.9,000. அதற்கு மேல் அகவிலைப்படியும் உண்டு. ஆயுள் முழுக்க வருவது. அதைத் தொட்டுத்தான் மருத்துவ உரிமையும் நிற்கிறது.

ஆகவே அவர் இருக்கும்போதே சரிசெய்யுங்கள். அவரே கையெழுத்துப் போட்டு, அவர் வேலை பார்த்த படைப்பிரிவின் ஆவணக் காப்பு அலுவலகத்துக்கு (ரெக்கார்ட் ஆபீஸ் என்பார்கள்) விண்ணப்பிக்க வேண்டும். எந்த அலுவலகம் என்பது புத்தகத்திலேயே இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் உள்ள வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. நேராக அங்கே ஓட வேண்டாம். நாமக்கல்லில் உள்ள முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகம் மூலமாகவே அனுப்பலாம். ஆதார், உறுதிமொழிப் பத்திரம், இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ என்று கேட்பதைக் கொடுக்க வேண்டியிருக்கும். பத்திரம் எழுதச் செலவு செய்வதற்கு முன், என்ன வாசகம் வேண்டும் என்று அந்த அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு தடவை எழுத வேண்டிவரும்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கும் வீட்டார் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். சொந்தமாகச் சம்பாதிக்க முடியாத அந்தப் பிள்ளைக்கு, அப்பா அம்மாவுக்குப் பிறகு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி உண்டு. பெற்றோர் இருக்கும்போதே பெயரும் மருத்துவச் சான்றும் பதிவாகி இருந்தால் நல்லது. சார்ந்திருக்கும் விதவை மகள், விவாகரத்தான மகள், கல்யாணமாகாத மகளுக்கும் விதிகள் இருக்கின்றன. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பென்ஷன் வாங்கும் வீட்டுக்கு வைத்தியம்

1-4-2003 முதல் முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் நடக்கிறது. இ.சி.எச்.எஸ். என்றால் எல்லோருக்கும் தெரியும். பென்ஷன் வாங்குபவர், குடும்ப ஓய்வூதியம் வாங்கும் கைம்பெண், அவர்களைச் சார்ந்தவர்கள் இதில் சேரலாம். ஒரே ஒரு தடவை பணம் கட்ட வேண்டும். 1-1-1996-க்கு முன்னால் ஓய்வு பெற்றவர்களுக்கும், போரில் உயிர் நீத்தவரின் மனைவிக்கும் அந்தப் பணமும் இல்லை. நம்ம மலைப் பெரியவர்கள் பலர் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். கணவர் சேராமலே இறந்துபோயிருந்தாலும் குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர் இப்போது சேரலாம். வருமானம் இல்லாத மாமனார், மாமியாரும் சார்ந்தோராக வர முடியும்.

நமக்குப் பக்கத்தில் பாலிகிளினிக் சேலத்தில் இருக்கிறது. முதலில் அங்கே காட்ட வேண்டும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு போன்றவற்றுக்கு மாத்திரை அங்கேயே கொடுப்பார்கள். பெரிய வைத்தியம் என்றால் சீட்டு எழுதி, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அங்கே பணம் கட்ட வேண்டியதில்லை.

"எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, ராசிபுரம் போய், சேலம் போய் மாத்திரை வாங்கிட்டு வர்றதுக்குள்ள இன்னொரு வியாதி வந்துடும்" என்று ஒரு பாட்டி சொன்னார். பொய் இல்லை. அதனால் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரை செம்மேடு அரசு மருத்துவமனையிலும் கிடைக்கும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் கொடுத்திருக்கிறார்கள். இ.சி.எச்.எஸ். அட்டையை இதய நோய், புற்றுநோய், மூட்டு அறுவை போன்ற செலவு பிடிக்கும் வைத்தியத்துக்குத் தயாராக வைத்திருங்கள். அட்டை போடுவதற்காவது ஒரு தடவை இறங்கித்தான் ஆக வேண்டும்.

உயிருக்கு ஆபத்து என்றால் சீட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியோ அங்கே சேர்த்துவிடுங்கள். திட்டத்தில் சேராத தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தால், 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். பில், டிஸ்சார்ஜ் சீட்டு, பரிசோதனைத் தாள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். கட்டிய பணம் முழுசும் திரும்ப வரும் என்று இல்லை. அரசு வைத்திருக்கும் கட்டண அளவுக்குத்தான் தருவார்கள்.

பென்ஷன் இல்லாத வீட்டுக்கு

65 வயது தாண்டி, பென்ஷனும் வேறு நிலையான வருமானமும் இல்லாமல் இருக்கும் முன்னாள் படைவீரருக்கோ அவருடைய கைம்பெண்ணுக்கோ, மத்திய பாதுகாப்பு அமைச்சரின் முன்னாள் படைவீரர் நல நிதியிலிருந்து ஆயுள் முழுக்க மாதாந்திர உதவி உண்டு. ஹவில்தார் பதவி வரை இருந்தவர்களுக்கு இது. மாதம் ரூ.4,000 ஆக இருந்ததை, 1-11-2025 முதல் கொடுக்கும் விண்ணப்பங்களுக்கு ரூ.8,000 ஆக உயர்த்தினார்கள். ஏற்கெனவே முதியோர் உதவித்தொகை வாங்கினால் அதை மறைக்காமல் சொல்லிவிட்டு விண்ணப்பியுங்கள்.

அதே நிதியில் பென்ஷன் இல்லாதவர்களின் வைத்தியச் செலவுக்கு ரூ.50,000 வரையும், கடுமையான நோய்களுக்கு ரூ.1,50,000 வரையும் உதவி என்று 2023-ல் உயர்த்தினார்கள். பிள்ளைகள் படிப்புக்கும், மகள் கல்யாணத்துக்கும் உதவிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் கதவு ஒன்றுதான்: நாமக்கல் அலுவலகம். அங்கே பதிவு செய்து அடையாள அட்டை வாங்காதவருக்கு எதுவும் நகராது.

இதோடு, வருட வருமானம் ரூ.1,20,000-க்குள் இருக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் உள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையும் வைத்திருங்கள். வருடத்துக்கு ரூ.5 லட்சம் வரை வைத்தியம். நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறந்த பிறகு, எல்லாவற்றுக்கும் சேலம் ஓட வேண்டிய நிலையும் குறைந்திருக்கிறது.

இறப்பைப் பதிவு செய்யுங்கள்

வீட்டில் நடக்கும் சாவை, காடு கரையில் அடக்கம் செய்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிற வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. 21 நாளுக்குள் வி.ஏ.ஓ.விடம் சொல்லிப் பதிந்துவிட்டால் செலவு இல்லை. இறப்புச் சான்று இல்லாமல் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம் நகராது. பேங்கிலிருந்து அவர் பெயரில் பென்ஷன் தொடர்ந்து வந்தால் ஏ.டி.எம். கார்டு போட்டு எடுக்காதீர்கள். பிறகு மொத்தமாகப் பிடிப்பார்கள். குடும்ப ஓய்வூதியம் வந்த பிறகும் வருடம் ஒரு முறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை வைத்து அனுப்பும் வசதி இருக்கிறது. சிறிய கட்டணம் உண்டு.

யார் மனைவி, யார் வாரிசு என்று தகராறு வந்தால் பயப்படாதீர்கள். பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் வருடச் சட்டம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள்.

சொல்லிக்கொள்ளாத வியாதி

கேன்டீன் சரக்கு என்றால் ஊரே மரியாதையாகப் பார்க்கும். அதனால் மிலிட்டரிக்காரர் குடித்தால் அது குடியாகவே கணக்கில் வருவதில்லை! தூக்கத்தில் கத்துவது, காரணமில்லாமல் கோபம், யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பது, தினம் குடிக்காமல் முடியாது என்பது எல்லாம் வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயங்கள். பேய் பிடித்தது என்று மந்திரிக்கப் போவதோடு நிறுத்திவிடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். அவர் பேச மாட்டார் என்றால் மனைவி பேசலாம். அடி வாங்கிக்கொண்டு பொறுத்துப் போக வேண்டும் என்று எந்தப் பட்டாளத்து விதியும் சொல்லவில்லை.

மகனை இப்போது படைக்கு அனுப்பும் அம்மாக்களுக்கு ஒரு செய்தி. 2022-ல் வந்த அக்னிபாத் முறையில் 4 வருடம்தான். அதோடு வெளியே வருபவருக்கு பென்ஷனோ இ.சி.எச்.எஸ். வசதியோ கிடையாது. மேலே எழுதியதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

கூட்டத்தில் செய்ய வேண்டியது

இந்தப் பாடத்தைப் படித்ததும் ஊக்குநர் ஒவ்வொரு உறுப்பினரிடமும் கேட்கட்டும்: உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பட்டாளத்தில் இருந்தவர் உண்டா? பென்ஷன் வருதா? புத்தகம் எங்கே இருக்கு? அதில் மனைவி பெயர் எப்படி எழுதியிருக்கு? ஆதாரில் எப்படி இருக்கு? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளையை உட்கார வைத்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாலைந்து குடும்பம் சேர்ந்தால் கூட்டமைப்பிலிருந்து ஒரு பிரதிநிதி துணையோடு ஒரே நாளில் நாமக்கல் போய்வரலாம். திங்கட்கிழமை என்றால் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளும் இருக்கும். இடம் தெரியாவிட்டால் அங்கேயே கேட்டால் வழி காட்டுவார்கள். "நான் முடிச்சுத் தர்றேன், இவ்வளவு கொடு" என்று வருபவரிடம் பணமும் கொடுக்காதீர்கள், போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணும் சொல்லாதீர்கள். ஜெராக்ஸ் இரண்டு செட் செம்மேட்டிலேயே எடுத்துக்கோங்க. அசல் புத்தகத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுபோய், காட்டிவிட்டு, கையோடு திரும்ப வாங்கிக்கொண்டு வாங்க.