மூன்று வழிகளில் எது? ஒன்ராறியோவில் குழந்தைப் பராமரிப்புத் தொழில் தொடங்குவோர்க்கு

ஒன்ராறியோ மாகாணத்தில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், பிள்ளை பிறந்து ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ கழிந்து, மகப்பேற்று விடுமுறை முடிந்து, தாய் மீண்டும் உத்தியோகத்துக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கும்போது, அந்தப் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்ற விசாரம் எழாமல் இருப்பதில்லை. அதே தெருவில், தன் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய அநுபவமும் பகலில் சற்று அவகாசமும் உடைய மற்றொரு பெண்மணிக்கு, இப்படிப்பட்ட குழந்தைகளை நம் வீட்டிலேயே பார்த்துக்கொண்டால் என்ன என்ற எண்ணம் தோன்றுவதும் இயல்பே. ஸ்காபுறோவிலும் மார்க்கத்திலும் பிரம்ப்டனிலும் நம்மவர் வீடுகளில் நடக்கும் டேகெயார்கள் பல இவ்விதம் தோன்றியவை. எண்ணம் நல்லது, நாட்டுக்கும் அவசியமானது. ஆனால் அதற்குச் செல்லும் வழிகள் மூன்று இருக்கின்றன என்பதையும், அம்மூன்றும் பொறுப்பிலும் வருமானத்திலும் ஒன்றற்கொன்று வெகு தூரம் வேறுபட்டவை என்பதையும் அறிந்து இறங்குவோர் குறைவாக இருப்பதால், அவற்றை ஒப்புநோக்கிச் சொல்லும் முயற்சி இது.

அனுமதிப்பத்திரம் பற்றி நிலவும் தவறான அபிப்பிராயங்களை முதலில் நீக்கிவிடுதல் நலம். லைசென்ஸ் இல்லாமல் பிறர் பிள்ளை ஒன்றைக்கூட வைத்துப் பார்க்கக் கூடாது என்று சிலர் சொல்வர். வீட்டுக்குள் செய்யும் காரியத்துக்கு லைசென்ஸ் எதற்கு என்று வேறு சிலர் கேட்பர். இரண்டும் பிழை. அனுமதிப்பத்திரம் இல்லாமலே ஒரு வீட்டில் 13 வயதுக்கு உட்பட்ட ஐந்து பிள்ளைகள் வரை பராமரிக்கச் சட்டம் இடங்கொடுக்கிறது. அனுமதிபெற்ற ஏஜென்சி ஒன்றின் கீழ் இணைந்தால் அதே வீட்டில் ஆறு பிள்ளைகள் வரை பராமரிக்கலாம். அதற்கும் மேலே போக விரும்புகிறவர் தம் பெயரிலோ தம் நிறுவனத்தின் பெயரிலோ அனுமதிப்பத்திரம் பெற்றுத் தனி நிலையம் நடத்த வேண்டும். இதில் பலருக்கு வியப்பளிக்கும் விஷயம், வீட்டில் நடத்தும் பெண்மணி தம் பெயரில் லைசென்ஸ் எடுப்பதே கிடையாது என்பது. பத்திரம் ஏஜென்சியின் கையில் இருக்கும், அவருடைய வீடு அதன் மேற்பார்வைக்குள் வரும்.

இந்த எண்கள் எழுந்தமானமாக வந்தவை அல்ல. யுத்த காலத்தில் தொழிற்சாலைகளுக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளுக்காக எழுந்த பகற்பராமரிப்பு இல்லங்களின் தொடர்ச்சியாக 1946இல் இயற்றப்பட்ட பழைய சட்டமே ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இம்மாகாணத்தில் வழங்கி வந்தது. 2013ஆம் ஆண்டு ஜூலை மாதம், வோன் நகரில், வரம்புக்கு மிக மேற்பட்ட பிள்ளைகளை வைத்திருந்த அனுமதியற்ற ஒரு வீட்டில் ஒப்படைக்கப்பட்ட இரண்டு வயதுப் பெண்குழந்தை, வெயிலில் நின்ற காருக்குள் விடப்பட்டு உயிர் நீத்தது. அந்த வீட்டைப் பற்றி முன்பே முறைப்பாடுகள் வந்திருந்தும் அவை முறையாக விசாரிக்கப்படவில்லை என்பது பின்னர் தெரியவந்தது. மாகாண ஒம்புட்ஸ்மன் 2014இல் வெளியிட்ட அறிக்கை 113 பரிந்துரைகளைச் செய்தது; அதே ஆண்டு டிசம்பரில் புதிய சட்டம் நிறைவேறி, 2015 ஓகஸ்ட் 31 முதல் அமுலுக்கு வந்தது. இதனை நினைவில் வைத்துக்கொண்டு படிப்பவருக்கு விதிகளின் கடுமை எதற்கென்று தனியே விளக்க வேண்டியதில்லை.

முதல் வழி, அனுமதிப்பத்திரம் இல்லாத வீட்டுப் பராமரிப்பு. ஐந்து பிள்ளைகளுக்கு மேல் கூடாது. அவர்களுள் இரண்டு வயதுக்கு உட்பட்டோர் மூவருக்கு மேல் கூடாது. நடத்துபவரின் சொந்தப் பிள்ளைகளில் நான்கு வயதுக்கு உட்பட்டோரும் கணக்கில் சேர்வர். கணவரும் மாமியும் நாள் முழுவதும் உடனிருந்தாலும் எண்ணிக்கை ஐந்துதான். ஆள் கூடினால் பிள்ளைகளும் கூடலாம் என்று கருதி அகப்பட்டுக்கொண்டவர்கள் உண்டு. தாம் அனுமதி பெறாதவர் என்பதை ஒவ்வொரு பெற்றோருக்கும் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டியது கடமை. கட்டணத்தைத் தாமே நிர்ணயிக்கலாம், நேரத்தைத் தாமே வகுக்கலாம், எவருக்கும் பங்கு கொடுக்க வேண்டியதில்லை என்பவை இவ்வழியின் சௌகரியங்கள். எனினும் மாநகர அல்லது பிராந்திய சபையின் கட்டணச் சலுகை, அதாவது நம்மவர் சப்சிடி என்று சொல்வது, இங்கு வரும் பெற்றோருக்குக் கிடைக்காது. விதியை மீறினால் நீதிமன்றம் விதிக்கக்கூடிய அபராதம் 250,000 டொலர் வரை செல்லலாம். ஓராண்டுச் சிறைக்கும் இடமுண்டு.

இரண்டாவது வழியை ஆராயுமுன், முதலிரண்டு வழிகளுக்கும் பொதுவான வயதுக் கணக்கு ஒன்றைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இத்தொழிலில் தொடங்கிய சில காலத்துக்குள்ளேயே மனம் சலித்துப் போகிறவர்கள் பெரும்பாலும் இதை எண்ணிப் பாராதவர்கள். கனடாவில் மகப்பேற்று, பெற்றோர் விடுமுறை 12 மாதமாகவோ 18 மாதமாகவோ எடுக்கப்படுகிறது. ஆகையால் இடம் தேடி வரும் பிள்ளைகளுள் பெரும்பாலானவை அந்த வயதினவே. அதாவது, தேவை எங்கே மிக அதிகமோ அங்கேதான் சட்டம் மூவர் என்று வாசலைக் குறுக்குகிறது. மறுபுறம், பிள்ளைக்கு நான்கு வயது நிறையும் ஆண்டின் செப்டெம்பரில், ஜே.கே. எனப்படும் முழுநாள் பாலர் வகுப்பு அரசாங்கப் பாடசாலையில் இலவசமாகத் திறந்துவிடுகிறது. ஒரே வயதுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவர் ஒரே செப்டெம்பரில் மூன்று நான்கு பிள்ளைகளை இழந்து, அவ்விடங்களுக்கு வரிசையில் நிற்பவை எல்லாம் ஒரு வயதுக் குழந்தைகளாக இருக்க, மூவருக்கு மேல் எடுக்க முடியாமல் திகைத்து நிற்க நேரும். எனவே முதல் நாளிலிருந்தே வயதுகளைக் கலந்து, ஒரு குழந்தைக்கு இரண்டு வயது நிறையும் மாதத்தை நாட்காட்டியில் குறித்து, அம்மாதத்தில் மட்டும் அடுத்த சிசுவை ஏற்றுக்கொள்ளும் ஒழுங்கைக் கைக்கொள்ள வேண்டும்.

எண்ணிக்கை கூடினால் வருமானம் கூடும் என்று எண்ணுவோர், ஜனவரி மாதத்துக் காலைப்பொழுது ஒன்றை மனக்கண்முன் கொண்டுவந்து பார்க்கட்டும். அனுமதிபெற்ற பராமரிப்பில், ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ தங்கும் பிள்ளை, வானிலை இடந்தருமாயின், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமாவது வெளியே இருக்க வேண்டும் என்பது விதி. மூன்று பிள்ளைகளுக்கு ஸ்னோ சூட் மாட்டி, சிப்பை இழுத்து, சப்பாத்தைத் திணித்து, கையுறையைக் கைக்குள் செருகி நான்காவது பிள்ளையிடம் வரும்போது முதற்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டும். இரண்டாவது கையுறையைக் கழற்றி எறிந்திருக்கும். மூன்றாவதன் டயப்பரை மாற்ற வேண்டி எல்லாவற்றையும் மறுபடி அவிழ்க்க வேண்டியிருக்கும். அதே வேளையில் தூங்கும் ஒரு சிசு இருந்தால், அது மல்லாந்து கிடக்கிறதா, மூச்சு ஒழுங்காக ஏறி இறங்குகிறதா என்று அருகில் சென்று குனிந்து பார்த்துவர வேண்டும். துணைக்கு ஆளின்றி நாள்தோறும் இதைச் செய்பவர் செய்யும் வேலை வைத்தியசாலைத் தாதியின் வேலைக்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று. சமூகம் அதை இன்னும் பேபிசிற்றிங் என்ற சொல்லுக்குள் அடக்கிவைத்திருப்பது எனக்கு மிகுந்த மனத்தாங்கலைத் தருகிறது.

இனி, ஏஜென்சியின் கீழ் நடத்தும் இரண்டாம் வழி. இங்கு பிள்ளைகள் ஆறு. இரண்டு வயதுக்கு உட்பட்டோர் இங்கும் மூவரே. சொந்தப் பிள்ளைகள் பற்றிய நான்கு வயது விதியும் அதுவே. வீட்டுப் பார்வையாளர் ஒருவர் காலாண்டுக்கு ஒரு முறையேனும் வந்து, மருந்துகள் பூட்டிவைக்கப்பட்டுள்ளனவா, புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா, மாடிப்படிக்குத் தடுப்புக் கதவு உண்டா, உணவுப் பட்டியல் எழுதி ஒட்டப்பட்டுள்ளதா என்பனவற்றைப் பார்த்துப் பதிந்து செல்வார். நடத்துபவருக்குச் சிசுக்களுக்கும் பிள்ளைகளுக்குமான முதலுதவிப் பயிற்சி வேண்டும். அவருக்கும், அவ்வீட்டில் வசிக்கும் பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கும் பொலிஸ் நற்சான்று வேண்டும். இவற்றையெல்லாம் தொல்லை என்று கருதுவோர் பலர். என் அபிப்பிராயம் நேர் மாறானது. பகல் முழுவதும் தனித்து ஆறு உயிர்களுக்குப் பொறுப்பாக நிற்கும் ஒருவருக்கு, தொலைபேசியில் அழைத்தால் பதில் சொல்லவும், பெற்றோரோடு கருத்து வேறுபாடு வந்தால் நடுவில் நிற்கவும், ஒரு பிள்ளையின் பேச்சு வளர்ச்சி பிந்துகிறதோ என்ற ஐயம் எழுந்தால் வழிகாட்டவும் பயிற்சி பெற்ற இன்னொருவர் இருப்பது பெரும் சகாயம். பிள்ளைகளைத் தேடிக் கொடுப்பதும், பெற்றோரிடம் பணம் வசூலிப்பதும் பல ஏஜென்சிகளில் அவர்கள் பொறுப்பே. அதற்குப் பிரதியாகக் கட்டணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வர்.

அந்தப் பங்குதான் நம்மவரை முதல் வழிக்குத் திருப்பிவிடுகிறது. ஆனால் 2022ஆம் ஆண்டு மார்ச் 28 அன்று பராமரிப்புக் கட்டணத்தைக் குறைக்கும் திட்டத்துக்காகக் கனேடிய அரசும் ஒன்ராறியோவும் கையொப்பமிட்ட உடன்படிக்கைக்குப் பிறகு இந்தக் கணக்கே மாறிப்போய்விட்டது. அத்திட்டத்தில் இணைந்த அனுமதிபெற்ற இடங்களில், ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோர் செலுத்த வேண்டிய அடிப்படைக் கட்டணம் 2025 ஜனவரி முதல் நாளொன்றுக்கு 22 டொலருக்கு மேற்படக் கூடாது. குறைந்த தொகையை அரசு நிதி ஈடுசெய்கிறது. அனுமதியில்லாதவருக்கு அந்த நிதி இல்லை. ஆகவே அவர் தம் செலவுக்கேற்ற நியாயமான தொகையைக் கேட்டாலும், பக்கத்துத் தெருவில் 22 டொலருக்கு இடம் காலியாகும் நாளில் பெற்றோர் அங்கே போய்விடுவதைத் தடுக்க முடியாது. இன்று இடங்கள் போதாமையால் அவரிடமும் பிள்ளைகள் வருகிறார்கள். இப்பற்றாக்குறையை நம்பித் தொழிலை அமைப்பது விவேகமாகாது.

மூன்றாம் வழியான தனி நிலையம், முன்னவற்றின் பெரிய வடிவமன்று. முற்றிலும் வேறான வியாபாரம். உள்ளே விளையாடும் இடம் பிள்ளை ஒன்றுக்கு 2.8 சதுர மீற்றர் தடையற்ற தரை, வெளியே 5.6 சதுர மீற்றர், வேலி, சமையலுக்குரிய வசதி, கட்டட விதி, தீயணைப்புப் பிரிவினதும் சுகாதாரப் பகுதியினதும் ஒப்புதல், நிலப் பாவனை விதி ஆகிய இத்தனையும் கூடிவந்த பின்னரே பத்திரம் கிடைக்கும். வாடகை ஒப்பந்தத்தில் முதலில் கையெழுத்திட்டுவிட்டு, அந்தக் கட்டடம் குழந்தைப் பராமரிப்புக்கு உதவாது என்று பின்னர் அறிந்துகொள்வது இத்துறையில் நேரக்கூடிய மிகப் பெரிய நஷ்டம். வரைபடத்தை, பத்திரம் வழங்கும் மாகாண அமைச்சுக்குக் காட்டும் வரை கையெழுத்தைத் தள்ளிப்போட வேண்டும். நிலையத்தை நடத்தும் மேற்பார்வையாளர் பொதுவாக, பதிவுபெற்ற பாலர் கல்வியாளராகவும் இரண்டாண்டு அநுபவம் உள்ளவராகவும் இருத்தல் வேண்டும்.

ஊழியர் விகிதமே இங்கு பிரதானம். பதினெட்டு மாதத்துக்கு உட்பட்ட பத்துச் சிசுக்களுக்கு மூன்று பணியாளர். அதற்கு மேல் முப்பது மாதம் வரையுள்ள பதினைந்து பிள்ளைகளுக்கும் மூவர். அதன் பிறகு பாடசாலைக்குப் போகும் வரையிலான இருபத்து நான்கு பிள்ளைகளுக்கும் மூவரே. மூன்று அறைகளிலும் பணியாளர் எண்ணிக்கை ஒன்றே. பராமரிக்கப்படும் பிள்ளைகள் பத்து, பதினைந்து, இருபத்து நான்கு. சிசு அறையை முதலில் திறக்கும்படி பெற்றோர் கெஞ்சுவர். அதை மட்டும் நம்பித் திறந்தவர் வாடகை கொடுக்கத் தவிப்பர். மூன்று வயதுப் பிரிவுகளையும் சேர்த்து அமைத்தாலன்றி நிலையம் தன் காலில் நிற்காது. 22 டொலர்த் திட்டத்துக்குள் புது இடங்களைச் சேர்ப்பதும் விண்ணப்பித்தவுடன் கிடைக்கும் விஷயமன்று. எந்தப் பகுதிக்கு எத்தனை இடம் என்பது முன்கூட்டி ஒதுக்கப்படுகிறது. அனுமதிபெற்ற இடங்களில் எழுபது வீதமாவது லாப நோக்கற்ற நிறுவனங்களுடையதாக இருக்க வேண்டுமென்பது உடன்படிக்கையின் நிபந்தனை. ஆதலால் தனியார் லாபத்துக்காகத் தொடங்குபவர் முதலில் மாநகர அல்லது பிராந்திய சபையின் சிறுவர் சேவைப் பகுதியிடம் தம் சுற்றுவட்டாரத்தில் ஒதுக்கீடு உண்டா என்று எழுதிக் கேட்டுப் பதில் பெற்றபின்பே கட்டடம் தேட வேண்டும். கோயிலோ சங்கமோ லாப நோக்கற்ற அமைப்பாக முன்வந்து நிலையம் நடத்துமாயின் அதற்கு வாய்ப்பு அதிகம் என்பதை நம் சமூகத் தலைவர்கள் ஆழ்ந்து சிந்திக்க வேண்டுமென்பது என் விண்ணப்பம்.

கைக்குழந்தை உடையவராய், ஓரிரு பிள்ளைகளை மட்டும், அதுவும் தெரிந்த குடும்பங்களிலிருந்து, சில காலத்துக்குப் பார்க்க விரும்புகிறவருக்கு முதல் வழி போதும். இதையே ஜீவனோபாயமாக ஏற்க எண்ணுபவர், தம் வீட்டில் தனித்து உழைக்கப்போகிறவர், யாராயினும் அவருக்கு நான் இரண்டாம் வழியையே தயங்காமல் சிபாரிசு செய்வேன். நிலையம் என்ற எண்ணம், இத்துறையில் சில ஆண்டுகள் ஊழியராகவோ வீட்டிலோ பணியாற்றி, பாலர் கல்வியாளர் பதிவும் பெற்று, ஓராண்டு வருமானமின்றித் தாங்கக்கூடிய மூலதனமும் சேர்த்தவருக்கே உரியது.

ஏஜென்சியைத் தெரிவு செய்பவர், இரண்டு மூன்று ஏஜென்சிகளையாவது நேரில் கண்டு, எழுத்து மூலம் கேட்டுக்கொள்ள வேண்டிய சில கேள்விகள் உண்டு. 22 டொலர்த் திட்டத்தில் அவர்கள் இணைந்திருக்கிறார்களா? நாளொன்றுக்குப் பிள்ளை ஒன்றுக்கு என் கைக்கு வருவது எவ்வளவு, எந்தத் திகதியில் வரும்? பிள்ளை சுகயீனத்தால் வராத நாளுக்கும், சட்டரீதியான விடுமுறை நாளுக்கும் பணம் உண்டா? எனக்குச் சுகயீனம் வந்தால் பிள்ளைகளை எங்கே அனுப்புவார்கள்? கட்டிலும் இரட்டைத் தள்ளுவண்டியும் இரவலாகத் தருவார்களா? உடன்படிக்கையை விட்டு விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு? இவற்றுக்குப் பதில் கிடைத்த பின், வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்து, அவர்கள் ஒப்புதலைக் கையில் பெற்று, வாடகை வீடாயின் வீட்டுக்காரரிடமும் கொண்டோவாயின் அதன் நிர்வாகத்திடமும் கடிதம் வாங்கிவிட வேண்டும். வருமானத்துக்கு முதல் நாளிலிருந்தே கணக்கு எழுதுவதும், பெற்றோருக்கு ரசீது கொடுப்பதும் அவசியம்; ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஆண்டொன்றுக்கு 8,000 டொலர் வரை வருமான வரியில் கழிவு கோரும் உரிமை பெற்றோருக்கு உண்டு. அந்த ரசீதில் உங்கள் சமூகக் காப்புறுதி இலக்கம் இருத்தல் வேண்டும் என்பதால், பணமாகக் கொடுங்கள், ரசீது வேண்டாம் என்று கேட்கும் பெற்றோரை ஆரம்பத்திலேயே மறுத்துவிடுவது நல்லது.