நொதி கேப்சூலுக்கு விலை குறைந்த மாற்று வேண்டுமா?

கணையம் பழுதாகிச் செரிமான நொதி போதிய அளவு சுரக்காதவர்கள் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் நொதி கேப்சூல் விழுங்க வேண்டும். மாதச் செலவு கையைக் கடிக்கும். மாற்று தேடுவோர் கவனிக்க:

1. அட்டையில் பெரிய எழுத்துப் பெயரை விடுங்கள். சிறிய எழுத்தில் ‘பான்கிரியாட்டின்’ என்று இருக்கிறதா பாருங்கள். டயஸ்டேஸ், பெப்சின் மட்டும் கலந்த செரிமான டானிக் இதற்கு ஈடாகவே ஆகாது. கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் அதில் இல்லை.

2. லைபேஸ் எத்தனை அலகு, 10,000-ஆ, 25,000-ஆ? மில்லிகிராமை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். வீரியத்தைச் சொல்வது அலகுதான். அலகுக்கு என்ன விலை என்று கணக்கிடுங்கள். மலிவான கேப்சூலை இரண்டு மூன்றாகப் போட வேண்டியிருந்தால் லாபம் இல்லாமல் போகலாம்.

3. அமிலம் தாங்கும் பூச்சு உள்ளதையே கேளுங்கள். பூச்சில்லாவிட்டால் வயிற்று அமிலம் லைபேஸைச் சிதைத்துவிடும். அதனால்தான் மெல்லவும் கூடாது.

4. ‘ஃபார்மா சஹி தாம்’ செயலியில் தேடுங்கள். அதே மருந்தின் மற்ற பிராண்டுகளும் விலையும் தெரியும். மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகத்திலும் விசாரியுங்கள்.

5. பான்கிரியாட்டின் பெரும்பாலும் பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. தயக்கம் இருந்தால் மருத்துவரிடம் பேசுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

6. மருத்துவர் சம்மதித்த பிறகே மாற்றுங்கள். முதலில் ஒரே அட்டை வாங்குங்கள். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தாலோ எடை இறங்கினாலோ மருந்து போதாமல் இருக்கலாம். உடனே அவரிடம் சொல்லுங்கள்.