தேய்ந்த பல்லுக்கு மறுவாழ்வு

“பல் போனால் சொல் போச்சு” என்பது நம் பழமொழி. வகரம் பிறக்க மேற்பல்லும் இதழும் சேர வேண்டும் என்று தொல்காப்பியரும் பிறப்பியலில் விளக்கியுள்ளார். ஆகவே, பல் தேய்ந்தால் உணவோடு பேச்சும் பாதிக்கப்படும். அதிகம் தேய்ந்த பற்களைக் ‘காம்போசிட்’ எனும் கலவைப் பொருளால் சீரமைக்கும் முறையை, வேதியியல் பயிலும் மாணவன் எனும் முறையில் இக்கட்டுரையில் விளக்க விழைகிறேன்.

பல் ஏன் தேய்கிறது?

பல்லின் மேலுறையான எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். ஆனால், ஒருமுறை தேய்ந்துவிட்டால் அது மீண்டும் வளராது.

தேய்மானத்திற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, பல்லோடு பல் உரசுதல். உறக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பது இவ்வகை. இரண்டாவது, கடினமான பொருள் உரசுதல். பினாங்கு எனும் பெயரே பாக்கைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்ததுதான்! அந்தப் பாக்கை நாள்தோறும் மெல்லும் நம் முதியோரின் பற்கள் தட்டையாகிவிடுகின்றன. மூன்றாவது, அமிலம். அசாம் லக்சா, புளிப்புப் பழச்சாறு, காற்றடைத்த பானம் ஆகியவை எனாமலை மென்மையாக்குகின்றன.

காம்போசிட் எவ்வாறு ஒட்டுகிறது?

1955-இல் அமெரிக்காவின் மைக்கல் புவோனகோர், பாஸ்பாரிக் அமிலம் பூசிய எனாமலில் பிசின் உறுதியாகப் பற்றுவதைக் கண்டறிந்தார். 1962-இல் ரஃபேல் போவன் உருவாக்கிய பிசினே இன்றைய காம்போசிட்டின் அடிப்படை. அப்பிசினோடு நுண்ணிய கண்ணாடித் துகள்களைக் கலந்தால் வலிமை கூடும்.

இன்று பொதுவாக 37 விழுக்காடு அமிலத்தைச் சில விநாடிகள் பூசிக் கழுவுகிறார்கள். எனாமலில் நுண்துளைகள் தோன்றுகின்றன. ஒட்டுத் திரவம் அவற்றுள் இறங்கி வேரூன்றுகிறது. பல்லை அரிக்கும் அமிலமே இங்குப் பிடிமானம் தருகிறது! அதன்மேல் காம்போசிட்டை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து, நீல ஒளி பாய்ச்சுகிறார்கள். சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்து இறுகிவிடுகின்றன.

இடம் எங்கே?

பல் தேயத் தேய, எதிர்ப்பல் நெருங்கி வந்துவிடும். உயர்த்திக் கட்ட இடமிருக்காது. இதற்கு 1975-இல் நார்வே நாட்டு டாலும் அவர்தம் குழுவினரும் வழி காட்டினர். முன்பற்களை மட்டும் உயர்த்தினால் கடைவாய்ப் பற்கள் சேராமல் நிற்கும். சில மாதங்களில் முன்பற்கள் சற்றே அமிழ்ந்து, பின்பற்கள் எழும்பி, மீண்டும் சேர்ந்துவிடும்.

நாற்பது ஆண்டுகள் வெற்றிலை போட்ட என் பாட்டி, “எல்லாத்தையும் பிடுங்கிட்டு பல்செட்டு கட்டிக்கிறேன்யா” என்றார். மருத்துவர் மலாயில் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார், ஒன்றும் விளங்கவில்லை. தமிழ்ப்பள்ளியில் தொடங்கித் தேசியப் பள்ளியில் அறிவியல் கற்ற நான், அதைத் தமிழில் சொல்லச் சொற்களைத் தேட வேண்டியிருந்தது. “உள்ள பல்லைக் கரைக்காம மேல பூசிக் கட்டுறாங்க பாட்டி” என்றதும் சம்மதித்தார். ஆறு முன்பற்கள் கட்டப்பட்டன. கடைவாய் சேரும்வரை கஞ்சியும் இடியப்பமும்தான் உணவு.

குறைகளும் கவனமும்

உறையிடும் முறையில், தேய்ந்த பல்லை மேலும் அராவ வேண்டும். காம்போசிட்டில் பெரும்பாலும் அது தேவையில்லை. எனினும், இறுகும்போது அது சற்றுச் சுருங்கும். நாளடைவில் கறை படியும், விளிம்பு உடையும். உடைந்த இடத்தை மட்டும் மீண்டும் கட்டிக்கொள்ளலாம். மிகவும் சிதைந்த பல்லுக்கு இது பொருந்தாது. காரணத்தை நிறுத்தாவிட்டால் புதிய பல்லும் தேயும். மேலும், பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆகவே, பாக்கு மெல்பவர்கள் பல்லோடு வாயையும் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

நண்பர்களே, நம் வீட்டு முதியோர் பல்லைப் பிடுங்க முடிவெடுக்குமுன் உடன் சென்று, காக்க வழியுண்டா எனக் கேளுங்கள். மருத்துவர் கூறுவதை அவர்களுக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள். கற்ற அறிவியலைத் தாய்மொழியில் வீட்டிற்குக் கொண்டு சேர்ப்பதும் தமிழ்ப்பணியே.