குளிர்காலப் புல்வெளியில் ஓநாயைக் காணல்

காட்டுலா என்றவுடன் அடர்ந்த வனமும் புலியும் யானையுமே நம் நினைவுக்கு வருகின்றன. மரங்கள் அரிதான ஒரு புல்வெளியும் தேசியப் பூங்காவாக இருக்கலாம். அங்கே நாம் தேடிச் செல்லும் வேட்டை விலங்கு ஓநாயாகவும் இருக்கலாம். குஜராத் மாநிலத்தில் பாவ்நகருக்கு அருகிலுள்ள வேளாவதர் வெளிமான் தேசியப் பூங்கா அத்தகைய இடமாகும். ஒரு காலத்தில் பாவ்நகர் மன்னர்களின் வேட்டைக்களமாக இருந்த இந்நிலம் 1976ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. இதன் பரப்பு ஏறத்தாழ 34 சதுர கிலோமீட்டர். சென்னைக் கிண்டியிலும் கோடிக்கரையிலும் நாம் காணும் அதே வெளிமான் இங்கே பெருங்கூட்டங்களாக மேய்கிறது.

ஏன் குளிர்காலம்?

மழைக்காலத்தில் பூங்கா மூடப்பட்டிருக்கும். கோடையில் ஓநாய் வெயில் ஏறுமுன்பே சீமைக் கருவேலப் புதர்களின் நிழலில் ஒதுங்கிவிடும். டிசம்பர், ஜனவரி மாதக் காலைகளில் அது சற்றுக் கூடுதலான நேரம் நடமாடுகிறது. ஆயினும், அப்போது காய்ந்து நிற்கும் புல்லின் நிறமும் ஓநாயின் நிறமும் ஏறக்குறைய ஒன்றே. பழகாத கண்ணுக்கு அது எளிதில் புலப்படாது. இங்கேதான் வழிகாட்டியின் துணை நமக்குத் தேவைப்படுகிறது.

வழிகாட்டி எதைப் பார்க்கிறார்?

தேர்ந்த வழிகாட்டி முதலில் ஓநாயைத் தேடுவதில்லை, வெளிமான்களைக் கவனிக்கிறார். கூட்டம் மேய்வதை நிறுத்தித் தலைகளை ஒரே திசையில் திருப்பினால், அத்திசையில் ஏதோ இருக்கிறது என்று உணர்கிறார். பின்னர் மண்பாதையில் பதிந்த தடங்களைப் பார்க்கிறார். ஓநாயின் தடத்தில் நகங்களின் பதிவு தெரியும். காட்டுப்பூனையின் தடத்தில் பெரும்பாலும் தெரியாது. கழுதைப்புலிக்கு முன்பாதம் பின்பாதத்தைவிடத் தெளிவாகப் பெரியது. நாயின் தடமோ ஓநாயின் தடத்தை ஒத்திருப்பதால், தடத்தை மட்டும் கொண்டு அவர் முடிவுக்கு வருவதில்லை.

விலகி நிற்பதன் தேவை

இந்திய ஓநாய் பெரும்பாலும் குளிர்காலத்தையொட்டியே குட்டி ஈனுகிறது. தாயும் தந்தையும் இரையை உண்டு வந்து, வயிற்றிலிருந்து மீண்டும் கக்கிக் குட்டிகளுக்கு ஊட்டுகின்றன. வளைக்கு அருகே வண்டியோ மனிதரோ சென்றால், தாய் குட்டிகளை வேறிடத்துக்குத் தூக்கிச் செல்ல நேரிடும். அலைச்சலில் குட்டிகள் இறக்கவும் கூடும். ஆகையால், நாம் காணச் செல்லும் பருவமே ஓநாய்க்கு மிகவும் இடர் நிறைந்த பருவமாகும். ‘இன்னும் சற்று அருகே செல்லுங்கள்’ என்று வழிகாட்டியை வற்புறுத்தாதிருப்பது நம் கடமை. புகைப்படம் சிறியதாக அமைந்தாலும் குறையில்லை.

வேலிக்கு வெளியே

ஓர் ஓநாய்க் குடும்பம் சுற்றித் திரியும் நிலம் நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரியக்கூடும். அதாவது, இப்பூங்கா முழுவதும் ஒரு குடும்பத்துக்கே போதாமற்போகலாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஓநாயைக் கொல்வதைத் தடுக்கிறது. ஆனால் நம் நாட்டின் ஓநாய்களில் பெரும்பாலானவை பூங்காக்களுக்கு வெளியே, மேய்ச்சல் நிலங்களிலும் வயலோரங்களிலும் வாழ்கின்றன. அந்நிலங்களோ பதிவேடுகளில் பலவிடங்களில் ‘தரிசு’ என்றே குறிக்கப்பட்டு, வேறு பயன்பாடுகளுக்கு எளிதில் மாற்றப்படுகின்றன. ஓநாயைக் கண்டு மகிழ்வோர் நாம். ஆட்டுக்குட்டியை அதற்குப் பறிகொடுப்பவர் இடையர். இக்கணக்கு ஓரளவேனும் நேராக வேண்டுமாயின், நம் பயணச் செலவில் ஒரு பகுதி அவ்வூர்களைச் சென்றடைய வேண்டும். உள்ளூர் வழிகாட்டியை அமர்த்துவதும், அவ்வூர்களில் தங்கி உண்பதும், பொருள் வாங்குவதும் அதற்கான எளிய வழிகள்.

பயணத்துக்கு முன்

நுழைவு அனுமதி, வழிகாட்டி, கட்டணம் ஆகியவற்றை வனத்துறையிடம் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்க. கம்பளி உடையும் தொலைநோக்கியும் உடன் கொள்க. ஒரே காலையில் ஓநாய் தென்படும் என்று எதிர்பாராது, இரண்டு நாட்களேனும் ஒதுக்குக. மாலையில், தொலைதூர நாடுகளிலிருந்து வலசை வந்த பூனைப்பருந்துகள் இரவுத் தங்கலுக்காகப் புல்வெளியில் வந்து இறங்கும். அக்காட்சியையும் தவறவிடாதீர்கள்.