வளவுப் பறவைகளை நோக்கலும் படம் பிடித்தலும்

குயிலைப் பற்றிக் கட்டுரை வரைக என ஒருகால் மேல்வகுப்பு மாணவரைப் பணித்தோம். ஏறக்குறைய எல்லாக் கட்டுரைகளிலும் பெண்குயில் மாமரத்திலிருந்து இனிது பாடியது. பாடும் குயிலைக் கண்ணாற் கண்டவர் யாவர் என வினவியபோது இரண்டு கைகளே உயர்ந்தன. செய்யுள் மரபு ஒன்று. வளவில் நிகழ்வது வேறொன்று. நீளக் கூவுவது கரிய ஆண்குயிலே. பெண்குயிலோ பழுப்பு மேனியில் வெண்புள்ளிகள் உடையது. கடுங்குரல் எழுப்பிப் பறந்து மறைவது. தமிழாசிரியராகிய நாமும் நாற்பது வயதை அண்மிய பின்னரே இதனைக் கண்டு தெளிந்தோம் என்பதை மறைத்தற்கில்லை. அன்றுதொட்டு ஒரு குறிப்பேடும் பழைய கமரா ஒன்றும் எம் கிணற்றடித் திண்ணையில் இடம்பெற்றன.

கிணற்றடி என்றது காரணம் பற்றியே. ஆறில்லாத நம் குடாநாட்டிலே சோளகம் வீசும் மாதங்களில் நிலம் வறளும். அக்காலத்து வாழைக்கு ஓடும் வாய்க்கால் நீரே பறவைகட்குக் குளமுமாகும். புலுனிகள் ஏழெட்டு ஒருங்கே வந்து இறங்கி, சருகைப் புரட்டி, ஓயாது வாதிட்டுச் செல்லும். தமிழகத்தார் இதனைத் தவிட்டுக்குருவி என்பர். கிணறு இல்லாதோர் நிழலில் ஒரு மண்சட்டியில் நீர் வைத்தாற் போதும். நாள்தோறும் கழுவி நிரப்புதல் வேண்டும்.

காகம் கூடு கட்டுங் காலமும் இதுவே. ஆண்குயில் கூட்டருகே சென்று காகத்தைச் சினமூட்டித் துரத்தச் செய்யும். அவ்விடைவெளியிற் பெண்குயில் முட்டையிட்டு நீங்குவதுண்டு. குயில்முட்டை காகத்தின் முட்டைக்கு முன்னரே பொரிக்கும். புரட்டாதிச் சனியிலே நாம் சோறு வைத்து அழைக்கும் காகம், ஆடியிலே அயலான் பிள்ளைக்கு இரை ஊட்டிக் களைத்ததாயிருக்கலாம்.

படம் பிடித்தலிற் கற்கவேண்டியவை சிலவே. ஞாயிறு நம் முதுகுப்புறமாக இருத்தல் நன்று. காலை ஒளி சிறந்தது. வானத்தைப் பின்புலமாகக் கொண்டு காகத்தைப் படம் எடுப்பின் கருநிழலே கிட்டும். இலைப் பின்னணி தேடுக. பறவையின் கண் தெளிவாயின் படம் தெளிவு. முருங்கைப் பூவிலே தேன்சிட்டு ஓரிடத்து நில்லாது. ஒரு நொடியின் ஐந்நூற்றிலொரு பங்கினும் விரைவாகக் கமரா இமைத்தல் வேண்டும். பறவையைத் துரத்திச் செல்பவனினும் சாளரத்தருகே அசையாதிருப்பவனே பயன் பெறுவான். இக்காலத்துக் கைப்பேசி தொலைப்பறவைக்கு உதவாதெனினும், நீர்ச்சட்டியருகே வருவதற்குப் போதியது.

ஈண்டு எம் பிழையொன்றையும் கூறுதல் கடன். செவ்வரத்தைச் செடியிற் கொண்டைக்குருவி கூடு கட்டி இரு முட்டை இட்டிருந்தது. ஒளி போதாதென இரண்டு கொப்புகளைக் கயிற்றால் விலக்கிக் கட்டினோம். படம் மிக அழகாய் அமைந்தது. மாலையிற் கயிற்றை அவிழ்க்க மறந்தோம். மறுநாட் காலை அக்கூட்டைக் காகம் வெறுமையாக்கியது. அப்படம் எம்மிடம் உண்டு. இம்மலருக்கு அதனைக் கொடுத்திலேம். கூட்டை அணுகாதீர் என மாணவர்க்கு அதன்பின்னரே அழுத்திக் கூறலானோம்.

புரட்டாதி, ஐப்பசியில் வரத்துப் பறவைகள் வந்து சேரும். அவற்றுள் எம் உள்ளங் கவர்ந்தது ஆறுமணிக்குருவி. பச்சை முதுகும், நீலம் ஒளிரும் சிறகும், வாலடியிற் செந்நிறமும் உடையது. இந்தியாவிலே இமயத்தின் அடிவாரம் முதலாய இடங்களிற் குஞ்சு பொரித்து, மாரியைக் கழிக்க இங்கு வருவது. காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுத்தலின் இப்பெயர் பெற்றது. சருகின் கீழுள்ள புழுபூச்சியே அதற்கு உணவு. வளவைத் துப்புரவாகக் கூட்டிச் சருகை எரித்தல் நம்மவர்க்குப் பெருமை. எம் இல்லத்தில் ஒரு மூலையைக் கூட்டாது விடுதற்கு யாம் பட்ட பாடு சிறிதன்று. அம்மூலைக்கே அது வந்தது.

நம் மண்ணுக்குச் சிறப்பாய சிலவும் உள. தென்னிலங்கையின் மரங்கொத்தி முதுகு சிவந்தது. நம் வடக்கின் மரங்கொத்தியோ பொன்முதுகுடையது. 1944 இல் விசிலர் என்னும் ஆங்கில அறிஞர் அதற்கு யாழ்ப்பாணத்தின் பெயராலேயே அறிவியற் பெயரிட்டார். திருப்பாவையில் வரும் ஆனைச்சாத்தன் எனப் பலரும் கொள்ளும் இரட்டைவாற் கரிக்குருவி, இலங்கையிற் பெரும்பாலும் வறண்ட வடகரையோரப் பகுதிகட்கே உரியது. பனையுழவாரன் பனையோலையின் அடிப்புறத்தே உமிழ்நீராற் கூட்டை ஒட்டுவது. போர்க்காலத்திலே பனைகள் பெருந்தொகையாய் அழிந்தமை பழைய மாணவர் அறிவர்.

பறவைகளினும் விரைவாய் மறைவன அவற்றின் பெயர்களோ என ஐயுறுகின்றோம். எம் வகுப்பிலே புலுனியைக் காட்டினால் "ஏதோ ஒரு குருவி, சேர்" என்பார் உளர். ஆதலின் பழைய மாணவரிடம் இரண்டு வேண்டுகோள். 1998 இல் வட அமெரிக்காவிலே தொடங்கி, 2013 முதல் உலகெங்கும் நடைபெறும் வளவுப் பறவைக் கணக்கெடுப்பு ஒன்று பெப்ரவரியில் நான்கு நாள் நிகழ்கின்றது. பதினைந்து நிமிடம் ஓரிடத்திருந்து கண்டதை எண்ணி அனுப்புவதே அதன் முறை. ரொறன்ரோவில் உள்ளாரும் இலண்டனில் உள்ளாரும் தத்தம் சாளரத்திலிருந்தே அதிற் சேரலாம். நம் மாணவரும் அந்நாள்களிற் கல்லூரி வேம்படியில் இருந்து எண்ணுவர். மற்றையது, உங்கள் பாட்டனாரும் அப்பாச்சியும் பறவைகட்கு வழங்கிய பெயர்களை, ஊர்ப்பெயரும் குறித்து, கல்லூரித் தமிழாசிரியர்க்கு எழுதியனுப்புக. பறவை இன்னதெனத் தெரியாவிடினும் அதன் நிறம், குரல், வரும் மாதம் ஆகியவற்றைக் குறித்தாற் போதும். தேடிக் காணும் பொறுப்பு மாணவருடையது.