தறியும் சாயமும் எந்தப் பாடவேளையில்?

நெசவையும் சாயமேற்றுவதையும் கைவேலை வகுப்போடு நிறுத்திவிட்டால் மாணவர் கையில் ஒரு காகிதப் பாய்தான் மிஞ்சும். நான் அவற்றைக் கணக்கிலும் அறிவியலிலும் வைத்து நடத்தி வருகிறேன்.

நூல் நம்பரிலிருந்து தொடங்கலாம். ஒரு சிட்டம் 840 கெஜம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டமோ, அதுவே பருத்தி நூலின் நம்பர். 40-ஆம் நம்பர் என்றால் பவுண்டுக்கு 33,600 கெஜம். 80-ஆம் நம்பருக்கு இரு மடங்கு. நம்பர் கூடினால் நூல் தடிக்கும் என்றே மாணவர் பலர் முதலில் சொல்வார்கள். இரண்டு நூலையும் கையில் கொடுத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள். எதிர் விகிதத்துக்கு இதைவிட நல்ல துணைக்கருவி எனக்குக் கிடைத்ததில்லை.

தொடக்க வகுப்புக்கு அட்டைத் தறி போதும். பாவுக்குச் சணல், ஊடைக்குத் துணிக்கிழிசல். ஒரு வரிசையில் ஒற்றை எண் இழைகள் மேலே, அடுத்ததில் இரட்டை எண் இழைகள். மாற்ற மறந்தால் ஊடை உருவிக்கொண்டு வந்துவிடும்.

சாயத்தில் கடுக்காயே என் விருப்பம். கடுக்காய்த் தூள் ஊறிய நீரில் வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து உலர்த்துங்கள். துருப்பிடித்த ஆணிகளை வெல்ல நீரில் இரண்டு மூன்று வாரம் ஊறவைத்து வடிகட்டுங்கள். அந்த நீரைத் தூரிகையால் தொட்டு எழுதினால் துணியில் எழுத்து கருப்பாக எழும். கடுக்காயின் டானினும் இரும்பும் சேரும் வினை இது. கலம்காரியின் கருப்புக் கோடும் இப்படித்தான் பிறக்கிறது.

எங்கள் பள்ளியில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் அதிகம். ஒரு தாய் கேட்டார்: "நாங்க தறிக்குழில உட்கார்ந்தது போதும். இங்கயும் அதத்தான் கத்துக்கணுமா டீச்சர்?"

நியாயமான கேள்வி. 1953-இல் வந்து, குலக்கல்வி என எதிர்க்கப்பட்டு, மறு ஆண்டே கைவிடப்பட்ட திட்டத்தை நம் மாநிலம் மறக்கவில்லை. அதனால் சிலவற்றில் கண்டிப்பாக இருக்கிறேன். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேலையைச் செய்வார்கள். நெசவாளர் பிள்ளையைச் செய்துகாட்டச் சொல்வதில்லை. செய்த எதையும் விற்பதில்லை. செய்துகாட்ட வேண்டுமென்றால் பெற்றோரை அழைத்து ஆசிரியர் நாற்காலியைக் கொடுக்கிறேன்.

அந்தத் தாயும் பிறகொரு நாள் வந்தார். ஒரு புடவைக்குப் பாவிழை எத்தனை என்று ஒரு மாணவன் கேட்டான். அவர் சிரித்துவிட்டு, "அங்குலத்துக்கு எத்தனைன்னு எண்ணு, அகலத்தை அளந்துக்க, பெருக்கிச் சொல்லு" என்றார். அன்றைய கரும்பலகைக் கணக்கு அதுதான்.