கிண்டி இட்லிக்கு மைனஸ் 18 போதுமா?

கேள்வி: கிண்டி தொழிற்பேட்டையில் சிறிய உணவுக்கூடம் நடத்துகிறோம். எங்கள் இட்லி, பரோட்டா, சாம்பார், இட்லி மாவு நான்கையும் சிங்கப்பூரிலும் நியூஜெர்சியிலும் உள்ள மளிகைக் கடைகள் கேட்கின்றன. மைனஸ் 18 டிகிரி குளிர் அறை ஒன்று இருக்கிறது. இன்னும் பெரியதாகக் கட்ட வங்கிக் கடனுக்கு எழுதியிருக்கிறோம். கப்பல்தான் வழியா, தெர்மாகோல் பெட்டியில் டிரை ஐஸ் போட்டு விமானத்தில் அனுப்பிவிடலாமா?
— வாசகி, கிண்டி

பதில்: வங்கியில் கையெழுத்தாவதற்குள் விண்ணப்பத்தில் ஒரு சொல்லை மாற்றிவிடுங்கள். எந்தச் சொல் என்று சற்றுப் பின்னால் சொல்கிறேன். பெரிய குளிர் அறை உங்களுக்கு இப்போது தேவையில்லை. கிண்டியில் உள்ள அறையும் சரி, கப்பலேறும் ரீஃபர் எனும் குளிரூட்டும் கண்டெய்னரும் சரி, மின்சாரம் இருக்கும்வரை தம் வேலையை ஒழுங்காகவே பார்க்கும். சரக்கு கெடுவது பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவே, குளிருக்கு யாரும் பொறுப்பேற்காத சில மணி நேரங்களில். சாலையிலும் துறைமுக வாசலிலும் அக்கரைச் சுங்க மேசையிலும் அந்த மணி நேரங்கள் ஒளிந்திருக்கின்றன. பணமும் கவனமும் முதலில் அங்கே போகட்டும்.

முதலில் மாவு. புளித்த மாவு உயிருள்ள சமாசாரம். 4 டிகிரியிலும் மெல்லப் புளித்துக்கொண்டேயிருக்கும், பை உப்பும். கப்பல் கரை சேருமுன் அதன் கதை முடிந்துவிடும். பட்டியலிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். வெந்த இட்லியின் சங்கதி வேறு. வேகும்போது நீரைக் குடித்து இளகிய மாவுச்சத்து, ஆறியதும் மறுபடி இறுக ஆரம்பிக்கிறது. இந்த இறுக்கம் வேகமாக நடப்பது பூஜ்யத்துக்குச் சற்று மேலே, அதாவது வீட்டு ஃபிரிட்ஜின் குளிரில்தான். ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்த சோறு காலையில் விறைத்து உதிர்வது இதனால்தான். ஆழ்ந்த உறைநிலைக்குப் போய்விட்டால் இறுக்கம் அநேகமாக நின்றுவிடுகிறது. ஆகவே உறைய வைக்காமல் வெறுமே குளிர்வித்து அனுப்புவது பாதிப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். இட்லிக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. அந்த இடத்தைச் சட்டென்று தாண்ட வேண்டும். அதற்குக் கீழே மைனஸ் 1-க்கும் மைனஸ் 5-க்கும் இடையில் பெரும்பகுதி நீர் உறைகிறது; அங்கேயும் தயங்கினால் பனிப்படிகங்கள் பெரிதாக வளர்ந்து இட்லியின் துளைகளைக் கிழிக்கும், உருக்கும்போது தண்ணீர் விடும். உங்கள் அறை, உறைந்ததை உறைந்தபடி வைத்திருக்கக் கட்டப்பட்டது. சூட்டோடு இட்லித் தட்டுகளை அதில் அடுக்கினால் உறைய மணிக்கணக்காகும், பக்கத்தில் இருக்கிற பழைய சரக்கும் இளகும். மைனஸ் 35, 40-இல் காற்றை வேகமாக அடிக்கிற பிளாஸ்ட் ஃப்ரீசர், சிறியதாக ஒன்று, போதும். விண்ணப்பத்தில் மாற்றச் சொன்ன சொல் இதுதான்.

ரீஃபர் கண்டெய்னரும் உங்கள் அறையின் ஜாதிதான். உள்ளே வந்த குளிரைக் காப்பாற்றும். மைனஸ் 10-இல் ஏற்றிய பரோட்டாவை மைனஸ் 18-க்குக் கொண்டுபோகச் சொன்னால் நாள்கணக்கில் திணறும். அதன் திரையில் தெரிவது காற்றின் வெப்பநிலை, பரோட்டாவினுடையது அல்ல. ஏற்றும்போதே இரண்டு பாக்கெட்டுகளுக்கு நடுவே ஊசித் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்து எழுதி வையுங்கள். காலியான கண்டெய்னரை முன்கூட்டியே குளிர வைத்துத் தயாராக நிறுத்துவது புத்திசாலித்தனம் போலத் தோன்றும். ஆனால் சென்னையின் ஈரக்காற்றில் அப்படிக் குளிர்ந்த பெட்டியின் கதவைத் திறந்தால் உட்சுவரெல்லாம் வியர்க்கும், குளிர்ச் சுருள்களில் பனி அடைத்துக்கொள்ளும். குளிர் அறை வாசலோடு ஒட்டி ஏற்றும் வசதி இருந்தாலொழிய அதைச் செய்யாதீர்கள். கிண்டியிலிருந்து சென்னைத் துறைமுகம் 20 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் டிரெய்லரில் ஏறிய ரீஃபருக்கு ஜென்செட் எனும் ஜெனரேட்டரை மாட்டாவிட்டால் வழி நெடுக மின்சாரம் இல்லை. துறைமுக வாசலில் லாரி வரிசை எவ்வளவு நீளம் என்பது உங்கள் கையிலும் இல்லை. வாடகையில் ஜென்செட்டை வெட்டி மிச்சம் பிடிக்கிறவர்கள் உண்டு. நீங்கள் வேண்டாம். சுங்க அனுமதி பெற்று, தொழிற்கூடத்திலேயே மின்னணு முத்திரை போட்டுப் பூட்டும் முறை 2017-இல் வந்தது. அப்படிப் போன பெட்டியைச் சந்தேகம் எழுந்தாலொழிய வழியில் திறக்க மாட்டார்கள். கதவு திறக்காத ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு லாபம்.

கடல்தான் ஆபத்து என்று நினைப்பவர்கள் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் நிற்கும் ஐஸ் ஹவுஸை ஒருமுறை பார்க்கலாம். இன்று அது விவேகானந்தர் இல்லம். பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் 1833-இல் 'டஸ்கனி' கப்பலில் கல்கத்தாவுக்கு ஏரிப் பனிக்கட்டி 180 டன் அனுப்பினார். இயந்திரக் குளிரூட்டல் ஏதுமில்லாமல், நிலநடுக்கோட்டை இரண்டு தடவை கடந்து, நாலு மாதம் கழித்தும் சுமார் 100 டன் கட்டியாகவே வந்து சேர்ந்தது. ஆனால் இறக்கிய பிறகு வெயிலில் போட்டு வைக்க முடியுமா? அதற்காகத்தான் சென்னையில் 1842-இல் அலைக்குப் பக்கத்திலேயே அந்தக் கிடங்கு எழுந்தது.

காகிதத்தை நான் குளிரோடு சேர்த்தே எண்ணுகிறேன். லேபிளில் ஒரு வரி விட்டுப்போனால் பெட்டி அக்கரையில் நிற்கும். துறைமுக மின்இணைப்புக்கான பிளக் வாடகை ஓடும், பரிசோதனைக்குக் கதவு திறக்கும். உங்கள் சாம்பாரை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். அமெரிக்காவில் கோதுமை கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள். டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்காமல் 'துவரம் பருப்பு, காய்கறி, பெருங்காயம்' என்று அச்சடித்தால் மாட்டிக்கொள்வீர்கள். 2023 ஜனவரி 1 முதல் எள்ளும் அந்தப் பட்டியலில் ஒன்பதாவதாகச் சேர்ந்திருக்கிறது. தாளிப்பில் நல்லெண்ணெய் விட்டாலே லேபிளில் எள் இருக்க வேண்டும். தேங்காயை மட்டும் 2025 ஜனவரியில் கொட்டைகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். நம்மூர்க்காரர்களுக்கு அது முன்பே தெரியும். பரோட்டா மாவில் பாலோ முட்டையோ நெய்யோ சேர்த்தால் பல நாடுகள் கால்நடை நலச் சான்று கேட்கும். எண்ணெயிலேயே பிசைவது நல்லது. கூடத்தை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வில் பதிய வேண்டும், இரட்டைப்படை ஆண்டுதோறும் அக்டோபர்–டிசம்பரில் புதுப்பிக்க வேண்டும். கப்பல் சேர்வதற்குக் குறைந்தது 8 மணி நேரம் முன்பே அந்தச் சரக்கின் முன்னறிவிப்பு போயிருக்க வேண்டும். சிங்கப்பூரில் அனுமதி வாங்குவது இறக்குமதியாளர் பொறுப்பு. ஆனாலும் அவர் வாங்கிவிட்டாரா என்று கேட்டுக்கொண்ட பிறகு ஏற்றுங்கள்.

விமானம் வேகமாயிற்றே என்பீர்கள். டிரை ஐஸ் மைனஸ் 78 டிகிரிக் குளிர்தான், மறுக்கவில்லை. ஆனால் விமானக் கம்பெனிக்கு அது ஆபத்தான சரக்கு. அளவுக் கட்டுப்பாடு உண்டு, பெட்டியை இறுக மூடினால் வாயு சேர்ந்து வெடிக்கும், துளை விட்டால் கரைந்துகொண்டே போகும். சுங்கத்தில் ஒரு நாள் தாமதமானால் தெர்மாகோல் பெட்டிக்குப் பிளக் கிடையாது. கட்டணமோ இட்லியின் விலையைத் தாண்டும். மாதிரி அனுப்பக் கையாளுங்கள், வியாபாரத்துக்கு வேண்டாம். ஒரு கண்டெய்னரை நிரப்ப எங்களால் முடியாதே என்பது நியாயமான ஆட்சேபம். பலருடைய சரக்கோடு பங்கு போட்டு அனுப்பலாம்தான், ஆனால் அடுத்தவர் லேபிளில் தப்பு இருந்தால் உங்கள் இட்லியும் சேர்ந்து நிற்கும். முதல் வருடம், முழுப் பெட்டியாக அனுப்பும் ஏற்றுமதியாளர் ஒருவரிடம் விற்பது மேல். லாபம் குறையும், உங்கள் பொறுப்பு அவர் குளிர்க்கிடங்கு வாசலோடு முடியும். மைனஸ் 15 போதும் என்றும் சிலர் சொல்வார்கள். மின்சாரம் மிச்சம் என்று 2023 இறுதியில் சில பெரிய நிறுவனங்கள் இதற்காகவே ஓர் இயக்கம் தொடங்கின. மைனஸ் 18 என்பது ஏறக்குறைய பூஜ்யம் ஃபாரன்ஹீட், முழு எண்ணாக இருந்ததால் நிலைத்தது என்ற அவர்கள் வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் வாங்குகிறவர் ஒப்பந்தத்தில் 18 என்று இருக்கும்வரை அந்தச் சர்ச்சையில் நீங்கள் தலையிட வேண்டாம்.

சிங்கப்பூரிலிருந்து தொடங்குங்கள். செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்ட பிறகு பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதில் அமெரிக்கப் பயணம் ஒன்றிரண்டு வாரம் நீண்டது. காலாவதித் தேதியை அச்சிடுமுன் அதையும் கணக்கில் கொள்ளுங்கள். முதல் சரக்கில், தீப்பெட்டி அளவு வெப்பநிலைப் பதிவுக் கருவி இரண்டு வையுங்கள்: ஒன்று நடு அடுக்கில், ஒன்று கதவோரம். கடைக்காரரிடம் கதவோரத்துப் பாக்கெட் ஒன்றைப் பிரித்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். உறைக்குள் பனித்தூள் உதிர்ந்து, இட்லியின் மேல்தோல் வறண்டு வெளுத்திருந்தால் அது வழியில் சூடேறித் திரும்ப உறைந்திருக்கிறது; பனித்தூளாய் நிற்பது இட்லியின் சொந்தத் தண்ணீர். பிறகு கருவியின் வரைபடத்தில் கோடு எந்தத் தேதி, எத்தனை மணிக்கு மேலே ஏறியது என்று பார்த்து, அந்த நேரத்தில் பெட்டி யார் கையில் இருந்தது என்று சரக்கு அனுப்பும் முகவரான ஃபார்வர்டரிடம் எழுத்தில் கேளுங்கள்.